அயலூர் உணவின் வாடையும் பயணியின் பசியும்

ஹஜ்ஜை நிறைவேற்றித் திரும்பிய ஹாஜிமார்களை ஸலாம் சொல்லிக் காணச் செல்வது நம் ஊர்களில் தொன்றுதொட்டு இருந்து வரும் நல்ல வழக்கம். ஜம்ஜம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் தந்து அவர்கள் நம்மை உபசரிப்பார்கள். கஅபாவைக் கண்டு வந்த கண்களைக் காண்கிறோமே என்று நம் உள்ளமும் குளிரும். ஆனால் சற்று நேரத்தில் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும்.

"என்ன வாப்பா, இப்படி இளைத்துத் துரும்பாகி வந்திருக்கிறீர்கள்?" என்று யாராவது கேட்பார்கள். "சோறு இறங்கினால்தானே! அந்தக் கறியின் வாடை மூக்கில் ஏறினாலே குமட்டிக்கொண்டு வரும். நாற்பது நாளும் பழமும் தேநீரும்தான்" என்று பதில் வரும். உடன் சென்று வந்த ஹாஜியம்மாவும் தம் பங்குக்கு, அங்கே கிடைத்த ரொட்டியையும் எண்ணெயையும் பற்றி நாலு குறை சொல்லி வைப்பார்கள்.

கேட்பவர்கள் சிரித்துவிட்டு எழுந்து போகிறோம். ஆனால் இது சிரித்துவிட்டுப் போகும் விஷயமா என்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அரஃபாவில் நின்று அழுது கேட்க வேண்டிய நேரத்தில் பட்டினியால் தலைசுற்றிப் படுத்துவிட்ட ஹாஜிகள் எத்தனை பேர்! மாத்திரையைப் போட்டுக்கொண்டு சோற்றைத் தள்ளிவைத்ததால் மயங்கி விழுந்த சர்க்கரை நோயாளிகள் எத்தனை பேர்! உடலுக்கு வந்த இந்தக் கேடு ஒருபுறம் இருக்க, அல்லாஹ்வின் ஹரமில் அமர்ந்துகொண்டு அல்லாஹ் தந்த ரிஜ்கை இழித்துப் பேசியதால் நாவுக்கு வந்த கேடு மறுபுறம் இருக்கின்றது. ஆகவே இந்த இதழில், அயலூர் உணவின் வாடை பயணியின் பசியை ஏன் கெடுக்கிறது, அதைப் பற்றி மார்க்கம் என்ன வழிகாட்டுகிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

பயணம் வேதனையின் ஒரு துண்டு

பயணம் என்பது வேதனையின் ஒரு துண்டு என்றும், அது மனிதனை அவனுடைய உணவையும் பானத்தையும் உறக்கத்தையும் விட்டுத் தடுத்துவிடுகிறது என்றும், ஆகவே போன காரியம் முடிந்ததும் வீட்டாரிடம் விரைந்து திரும்ப வேண்டும் என்றும் ரஸூலே கரீம் (ஸல்) அவர்கள் அருளியிருக்கிறார்கள். இது புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் பதிவாகியுள்ள ஹதீஸ் ஆகும்.

பயணத்தின் துன்பங்களைச் சொல்ல வந்த நாயகம் (ஸல்) அவர்கள் உணவையே முதலில் குறிப்பிட்டிருப்பது கவனிக்கத்தக்கது. வழியில் உணவு கிடைக்காமல் போவது ஒரு தடை. கிடைத்தும் உண்ண முடியாமல் போவது மற்றொரு தடை. முன்னதை இக்கால வசதிகள் பெரும்பாலும் நீக்கிவிட்டன. பின்னதை எந்த வசதியும் இன்னும் நீக்கவில்லை.

மூக்கு செய்யும் வேலை

உணவின் சுவையை நாக்கு அறிகிறது என்றே நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் நாக்குக்குத் தெரிந்தவை இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு, இவற்றோடு கறிச்சாற்றில் உள்ளது போன்ற ஒருவகைச் சாறுச்சுவை ஆகிய சிலவே. மற்றதெல்லாம் மூக்கின் வேலை. உணவை மெல்லும்போது அதன் மணம் வாயின் பின்புறமாகவே மூக்குக்குள் ஏறுகிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஏலக்காயை மென்று பாருங்கள். ஏதோ ஒன்றைக் கடிக்கிறோம் என்பது தெரியுமே தவிர ஏலக்காய் என்பது தெரியாது. ஜலதோஷம் பிடித்தவனுக்கு எல்லா ஆணமும் ஒரே மாதிரி இருப்பதற்கும் இதுவே காரணம்.

மனிதனின் மூக்கில் மணத்தை உணரும் வாங்கிகள் ஏறக்குறைய 400 வகை இருக்கின்றன. இவற்றின் அமைப்பை 1991-ல் கண்டறிந்து வெளியிட்ட ரிச்சர்டு ஆக்சல், லிண்டா பக் என்ற இரு விஞ்ஞானிகளுக்கு 2004-ல் நோபல் பரிசு கிடைத்தது. பார்வையும் ஓசையும் மூளையில் ஓர் இடைநிலையத்தைக் கடந்துதான் உரிய இடத்துக்குச் செல்கின்றன. மணமோ அந்த இடைநிலையத்தில் நிற்காமல், அச்சமும் விருப்பமும் நினைவும் குடியிருக்கும் பகுதியை நேரே சென்று தொடுகிறது. நல்ல மணம் பட்டதும் வாயில் நீர் ஊறுவதும், இரைப்பை வேலையைத் தொடங்குவதும், பிடிக்காத வாடை பட்டதும் தொண்டை அடைத்துக்கொள்வதும் நாம் யோசித்துச் செய்பவை அல்ல. யோசிக்கும் முன்பே அவை நடந்துவிடுகின்றன.

எந்த மணம் நல்லது, எது கெட்டது என்பதைப் பெரும்பாலும் வளர்ந்த வீடே கற்றுக்கொடுக்கிறது. இந்தப் பாடம் தாயின் வயிற்றிலேயே தொடங்கிவிடுகிறது. கர்ப்பகாலத்தில் காரட் சாறு குடித்து வந்த தாய்மாரின் குழந்தைகள், பின்னர் காரட் கலந்த உணவை முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டதை 2001-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டியது. தேங்காய்ப்பாலும் கறிவேப்பிலையும் புளியும் மணக்கும் வீட்டில் வளர்ந்த மூக்கு, அவற்றின் மணத்தை உணவு வந்துவிட்டது என்னும் அறிவிப்பாகவே எடுத்துக்கொள்கிறது. அந்த அறிவிப்பு வராத தட்டைக் கண்டு வயிறு தயங்குகிறது.

இந்தத் தயக்கமும் அல்லாஹ்வின் ஓர் அருளே. அறியாத காயையும் கெட்டுப்போன இறைச்சியையும் மனிதன் கண்மூடித்தனமாக விழுங்கிவிடாதபடி வாசலில் நிறுத்தப்பட்ட காவலாளியே மூக்கு. அந்நியரைக் கண்டதும் காவலாளி தடுத்து நிறுத்துவதில் தவறில்லை. வந்திருப்பவர் நல்லவர் என்று தெரிந்த பின்னும் தடுத்துக்கொண்டே இருந்தால்தான் வீட்டுக்கு நஷ்டம்.

மக்காவில் நம்மவரின் மூக்கு

முற்காலத்தில் நம் ஹாஜிமார்கள் பம்பாயிலிருந்து கப்பலேறிச் சென்றார்கள். அந்தக் கப்பல் பயணம் 1995-ல் நின்றுபோயிற்று. அரிசியும் பருப்பும் மசாலாவும் ஊறுகாயும் பெட்டிகளில் உடன் போகும். மினாவில்கூட அடுப்பு மூட்டித் தம் சோற்றைத் தாமே ஆக்கிக்கொள்வார்கள். 1997 ஏப்ரல் 15-ஆம் தேதி மினாவில் ஏற்பட்ட பெருந்தீயில் 343 ஹாஜிகள் உயிரிழந்தார்கள். அதன்பின் தீப்பிடிக்காத கூடாரங்கள் அமைக்கப்பட்டு, கூடாரங்களில் அடுப்பு மூட்டுவது தடை செய்யப்பட்டது. உயிரைக் காக்க எடுக்கப்பட்ட நியாயமான ஏற்பாடு அது. ஆனால் அதன் விளைவாக, ஹஜ்ஜின் மிகக் கடினமான நாட்களில் பிறர் சமைத்துத் தருவதையே ஹாஜி உண்ண வேண்டியவராகிறார்.

பிறர் சமைத்தது எப்படி மணக்கிறது? நம் வீடுகளில் பழகியது பெரும்பாலும் வெள்ளாட்டுக் கறி. அங்கே செம்மறியே மிகுதி. செம்மறியின் கொழுப்பில் உள்ள சில அமிலங்களே அதன் தனி வாடைக்குக் காரணம். நாம் அந்த வாடையை மிளகாயாலும் மல்லியாலும் இஞ்சி பூண்டாலும் மறைத்துச் சமைக்கிறோம். கப்ஸாவிலும் மந்தியிலும் கறியின் மணத்தை மறைப்பதில்லை. ஏலம், பட்டை, உலர்ந்த கறுப்பு எலுமிச்சை ஆகியவற்றை அதனோடு சேர்க்கிறார்கள். காலையில் ஹிஜாஸ் மக்கள் விரும்பி உண்பது வேகவைத்து மசித்த மொச்சை இனப் பயற்றில் சீரகமும் ஒலிவ எண்ணெயும் சேர்த்த ஃபூல். கூடவே தமீஸ் என்னும் பெரிய ரொட்டி. இட்லி, இடியப்பத்தின் ஆவிமணத்தை எதிர்பார்த்து எழும் மூக்குக்கு இது புதிது.

இத்துடன் கடும் வெப்பமும் சேர்கிறது. 2024 ஜூன் மாத ஹஜ்ஜின்போது மஸ்ஜிதுல் ஹராமில் 51.8 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவாயிற்று. வெப்பம் ஏற ஏறப் பசி மட்டுப்படுவது உடலின் இயல்பு. பல நாட்டு மக்கள் நெருங்கி இருக்கும் இடமாதலால் சளியும் இருமலும் ஹாஜிகளைப் பரவலாகப் பிடிக்கின்றன. மூக்கு அடைத்துவிட்டால் உள்ள சுவையும் போய்விடும். முதியவர்களுக்கோ வயதின் காரணமாகவே மோப்பசக்தி குறைந்திருக்கும். ஆக, ஒருவருக்கு வாடை அதிகமாகி உணவு இறங்கவில்லை. மற்றவருக்கு மணமே தெரியாமல் உணவு இறங்கவில்லை. இருவருமே இளைக்கிறார்கள்.

ஓர் அதிசயத்தையும் ஈண்டு சொல்ல வேண்டும். பாசுமதி அரிசியின் மணத்துக்கும், நாம் நெய்ச்சோற்றில் போடும் ரம்பை இலையின் மணத்துக்கும் முக்கியக் காரணம் 2-அசெட்டில்-1-பைரோலின் என்னும் ஒரே பொருள்தான். அதே பொருள் அடுப்பிலிருந்து சுடச்சுட எடுக்கும் ரொட்டியின் மேற்பொறுக்கிலும் இருக்கிறது. அந்நியம் என்று நாம் முகம் திருப்பும் தமீஸ் ரொட்டிக்குள் நம் வீட்டு நெய்ச்சோற்றின் மணம் ஒளிந்துகொண்டிருக்கிறது! நாயன் தன் அடியார்களின் ரிஜ்கில் வைத்திருக்கும் உறவுகளை யார் அறிவார்?

பிடிக்காமல் போவது குற்றமா?

இனி மார்க்கத்தின் பக்கம் வருவோம். ஹலாலான ஓர் உணவு நம் மனத்துக்கு ஒவ்வாமல் போனால் அது பாவமா? இல்லை. இதற்கு நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்விலேயே தெளிவான ஆதாரம் இருக்கிறது.

அன்னை மைமூனா (ரலி) அவர்களின் வீட்டில் ஒருநாள் ளப்பு என்னும் பாலைவனப் பிராணியைச் சுட்டு வைத்தார்கள். இது நம் நாட்டு உடும்பைப் போன்ற தோற்றமுடையது. நஜ்து பகுதியிலிருந்து வந்த அந்த உணவின்பால் கையை நீட்டிய நாயகம் (ஸல்) அவர்கள், அது இன்னதென்று அறிவிக்கப்பட்டதும் கையை எடுத்துக்கொண்டார்கள். உடனிருந்த காலித் பின் வலீத் (ரலி) அவர்கள், இது ஹராமா என்று கேட்டார்கள். ஹராமன்று, ஆனால் தம் சமூகத்தாரின் பூமியில் இது இல்லாததால் தம் மனம் அதை ஏற்கவில்லை என்று நாயகம் (ஸல்) அவர்கள் பதிலளித்தார்கள். காலித் (ரலி) அவர்கள் அதைத் தம் பக்கம் இழுத்து உண்டார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதனை புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் காணலாம். அப்பிராணி பற்றிய மத்ஹபுகளின் சட்ட விவரம் இங்கே நம் நோக்கமன்று. நம் நோக்கம் அவர்கள் கூறிய காரணத்தின் மீதே. ஊர்ப்பழக்கம் ஒருவருடைய விருப்பு வெறுப்பை உண்டாக்குகிறது என்பதை அவர்கள் மறைக்காமல் சொன்னார்கள். அதே நேரத்தில் தமக்குப் பிடிக்காததைப் பிறருக்குத் தடுக்கவும் இல்லை. உண்பவரைக் கண்டு முகம் சுளிக்கவும் இல்லை.

மதீனாவுக்கு வந்த புதிதில் நாயகம் (ஸல்) அவர்கள் அபூஅய்யூப் அன்ஸாரீ (ரலி) அவர்களின் இல்லத்தில் தங்கியிருந்தார்கள். ஒருநாள் அனுப்பிய உணவு தொடப்படாமலே திரும்பி வந்தது. பதறிப்போன அபூஅய்யூப் (ரலி) அவர்கள் ஓடிச் சென்று விசாரித்தார்கள். அதில் பூண்டு இருந்தது. இது ஹராமா என்று கேட்டதற்கு, இல்லை, அதன் வாடைக்காகவே தாம் வெறுப்பதாக நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கினார்கள் என்று முஸ்லிம் ஷரீஃபில் வருகிறது. விருந்தளித்தவரின் மனம் நோகாதவாறு, உணவைப் பழிக்காமல், காரணத்தை மட்டும் சொன்ன அந்தப் பண்பை நாம் நெஞ்சில் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

எது குற்றம்?

நாயகம் (ஸல்) அவர்கள் ஒருபோதும் எந்த உணவையும் குறை கூறியதில்லை. விரும்பினால் உண்பார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள் என்று அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஆகவே எல்லைக்கோடு தெளிவாக இருக்கிறது. மனம் ஏற்காமல் ஒதுங்குவது இயற்கை. வாயால் பழிப்பது குற்றம். முன்னது மூக்கின் வேலை, அதன் மீது நமக்கு ஆட்சியில்லை. பின்னது நாவின் வேலை, அதற்கு நாம் பதில் சொல்ல வேண்டும்.

அல்குர்ஆனில் பகரா அத்தியாயத்தின் 61-வது வசனத்தை ஓதிப் பாருங்கள். பாலைவனத்தில் உழைப்பின்றி மன்னும் ஸல்வாவும் கிடைத்துக்கொண்டிருந்த பனூ இஸ்ராயீல்கள், ஒரே வகை உணவைத் தங்களால் பொறுக்க முடியாது என்று நபி மூஸா (அலை) அவர்களிடம் முறையிட்டார்கள். அவர்கள் கேட்டவை கீரை, வெள்ளரி, பூண்டு (கோதுமை என்று பொருள் கொண்ட முஃபஸ்ஸிர்களும் உண்டு), பருப்பு, வெங்காயம் ஆகியவை. எல்லாம் மிஸ்ரில் அவர்கள் பழகிய அடுப்படிச் சரக்குகள்! அடிமைத்தனத்திலிருந்து மீட்கப்பட்டவர்களின் மூக்கு பழைய அடுப்பையே தேடிற்று. உயர்ந்ததைக் கொடுத்துவிட்டுத் தாழ்ந்ததைக் கேட்கிறீர்களா என்று அவர்கள் கண்டிக்கப்பட்டார்கள். பழகிய உணவின் மீது ஆசை கொள்வது மனித இயல்புதான். கிடைத்த நிஃமத்தை இழிவாகக் கருதி முறையிட்டதே அவர்களுக்குக் கேடாயிற்று. ஹரமில் அமர்ந்து சாப்பாட்டுக் குறை பேசும் நாம் யாருடைய வழியில் நடக்கிறோம் என்பதை யோசிக்க வேண்டாமா?

முஹாஜிர்கள் காட்டிய வழி

இதற்கு நேர்மாறான ஓர் உதாரணத்தை முஹாஜிர்களிடம் காண்கிறோம். கி.பி. 622-ல் மக்காவைத் துறந்து மதீனா வந்த ஸஹாபாக்களில் பலருக்கு அந்த ஊரின் தட்பவெப்பம் ஒத்துக்கொள்ளவில்லை. அபூபக்ர் (ரலி) அவர்களும் பிலால் (ரலி) அவர்களும் காய்ச்சலில் விழுந்தார்கள். காய்ச்சல் சற்று விட்டதும் பிலால் (ரலி) அவர்கள் மக்காவை நினைத்துக் குரலெடுத்துக் கவி பாடினார்கள். அதில் அவர்கள் ஏங்கியது எதற்காக என்று எண்ணுகிறீர்கள்? மாளிகைக்காக அல்ல. மக்காவின் பள்ளத்தாக்கில் இத்கிர் புல் சூழ ஓர் இரவு தங்கமாட்டோமா என்றுதான் ஏங்கினார்கள். இத்கிர் என்பது எலுமிச்சைப்புல்லின் இனத்தைச் சேர்ந்த வாசனைப் புல். பிறந்த மண்ணை நினைத்தபோது அந்த மண்ணின் வாசனைப் புல்லும் நினைவில் வந்தது!

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் இந்நிலையை நாயகம் (ஸல்) அவர்களிடம் சென்று சொன்னார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. கையேந்தி துஆச் செய்தார்கள். மக்காவைப் போல், அல்லது அதைவிட அதிகமாக மதீனாவை எங்களுக்குப் பிரியமாக்குவாயாக, அதை ஆரோக்கியமான ஊராக்குவாயாக, அதன் ஸாஉவிலும் முத்துவிலும் பரக்கத் செய்வாயாக என்பன அந்த துஆவின் கருத்துகள். ஸாஉ, முத்து என்பவை தானியம் அளக்கும் படிகள். ஊர் பிரியமாக வேண்டும், உடல் நலமாக வேண்டும், உணவில் பரக்கத் வேண்டும் என்று மூன்றையும் ஒரே துஆவில் சேர்த்துக் கேட்டிருப்பதைக் கவனியுங்கள். மனம் ஒட்டாத ஊரில் உணவு எப்படி ஒட்டும்? பயணி முதலில் கேட்க வேண்டியது மனம் ஒட்டுவதைத்தான்.

நம் நாட்டுச் சோறும் ஒருவருக்கு அந்நியமாயிற்று

நம் சோறு எல்லோருக்கும் ருசிக்கும், பிறர் உணவே நமக்கு ருசிக்காது என்று எண்ணிவிடக் கூடாது. மொராக்கோவிலிருந்து வந்த பிரயாணி இப்னு பதூதா பதினான்காம் நூற்றாண்டில் இந்தியாவின் மேற்குக் கரையில் ஹொன்னாவரில் தங்கியிருந்த காலத்தைப் பற்றி எழுதுகிறார். அங்கே பதினொரு மாதம் ரொட்டியையே காணாமல் சோறுண்டு வாழ்ந்ததாகச் சொல்கிறார். மாலத்தீவு, இலங்கை, நம் மஃபர் நாடு, மலபார் ஆகியவற்றிலும் மூன்றாண்டுகள் சோற்றைத் தவிர வேறில்லாமல், கடைசியில் தண்ணீரைக் குடித்துக்குடித்தே அதை விழுங்க வேண்டியதாயிற்று என்றும் எழுதிவைத்திருக்கிறார். நமக்கு உயிரான சோறு, கோதுமை நாட்டாருக்குத் தொண்டையில் நின்றது! ஆனாலும் அவர் உண்டார், பயணத்தைத் தொடர்ந்தார்.

ஆகவே நம் அறையில் கருவாடு பொரிக்கும்போதும் அடுத்த அறையில் இருக்கும் துருக்கி நாட்டு ஹாஜியின் மூக்கை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். பச்சைப் பூண்டும் வெங்காயமும் தின்றவர் பள்ளிக்கு வந்து பிறருக்கு இடையூறு செய்யக் கூடாது என்று தடுத்த மார்க்கம் நம்முடையது அன்றோ?

எடை குறைந்தால் என்ன?

பயணத்தின் முதல் சில நாட்களில் இரண்டு மூன்று கிலோ குறைந்துவிட்டால் அது பெரும்பாலும் தண்ணீர் குறைந்ததே. ஒரு லிட்டர் நீர் வியர்வையாகப் போனால் ஒரு கிலோ குறையும், குடித்தால் திரும்பிவிடும். உடலின் கொழுப்பில் ஒரு கிலோ கரைய வேண்டுமானால் ஏறக்குறைய 7,700 கலோரி அளவுக்கு உணவு குறைய வேண்டும். ஆனால் வாரக்கணக்கில் கறியும் பருப்பும் பாலும் இல்லாமல் பழமும் தேநீருமாக ஓட்டினால் கொழுப்போடு தசையும் கரையும். முதியவர்களுக்குக் கரைந்த தசை எளிதில் திரும்புவதில்லை. ஊர் திரும்பிய பின்னும் எடை ஏறாமல் குறைந்துகொண்டே போனால், வாடையின் மீது பழியைப் போடாமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

எல்லாவற்றிலும் அவசரமானது சர்க்கரை நோயாளியின் நிலை. வழக்கமான ஊசியையோ மாத்திரையையோ எடுத்துக்கொண்டு உணவை விட்டுவிட்டு, தவாஃபும் ஸயீயும் செய்தால் இரத்தத்தில் சர்க்கரை திடீரென இறங்கலாம். குளிர்ந்த வியர்வை, கை நடுக்கம், தலைசுற்றல், பேச்சில் தடுமாற்றம் ஆகியவை அதன் அடையாளங்கள். உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையையோ பழச்சாற்றையோ கொடுக்க வேண்டும். நினைவிழந்துவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவ உதவி தேட வேண்டும். உணவு இறங்காத நாட்களில் மருந்தை எப்படி மாற்றுவது என்று புறப்படும் முன்பே வைத்தியரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது ஒவ்வொரு குடும்பத்தின் கடமை. உன் உடலுக்கும் உன்மீது உரிமை உண்டு என்று அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் உபதேசித்த கருத்து இங்கே முழுமையாகப் பொருந்தும்.

மறுபக்கம்

நிற்க. இளைத்து வருவோர் ஒரு சாரார் என்றால், பருத்து வருவோர் மறு சாரார். பிழைப்புக்காக வளைகுடா நாடுகளுக்குச் செல்லும் நம் பிள்ளைகளில் இவர்கள் பலர். முதல் மாதம் வாடை ஒவ்வாமல் வாடிப்போனவர்களே, மூக்கு பழகியபின் ரொட்டிக்கடையின் மணத்துக்கும் பொரித்த கோழியின் மணத்துக்கும் அடிமையாகிவிடுகிறார்கள். வயிறு நிறைந்திருந்தாலும் புது மணம் ஒன்று வந்தால் மனம் மீண்டும் கேட்கிறது. ஒரே உணவை உண்ணும்போது அதன் மீதுள்ள ஆசை தணிவதும், பலவகை உணவுகள் முன்னால் இருந்தால் மனிதன் அளவுக்கு மிஞ்சி உண்பதும் ஆராய்ச்சிகளில் நிரூபணமானவை. வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கும், ஒரு பங்கு நீருக்கும், ஒரு பங்கு மூச்சுக்கும் என்று திர்மிதீயில் வரும் அளவுகோல், பசியற்றவருக்கும் பேருண்டிக்காரருக்கும் பொதுவானது. முன்னவர் உணவுக்குரிய பங்கையே கொடுக்கவில்லை. பின்னவர் மூச்சுக்குரிய பங்கையும் பறித்துக்கொண்டார்.

செய்ய வேண்டியவை

1. ஊரிலேயே பழகுங்கள். புது உணவைப் பத்துத் தடவையளவில் சிறிது சிறிதாகச் சுவைத்தால் வெறுப்பு தணிந்துவிடுவது அனுபவத்திலும் ஆராய்ச்சியிலும் கண்டது. பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பே காரத்தைக் குறையுங்கள். வாரம் இரண்டு நாள் கோதுமை ரொட்டியும், சீரகமும் ஒலிவ எண்ணெயும் சேர்த்த பயறும் வீட்டிலேயே ஆக்கி உண்ணுங்கள்.

2. கட்டுச்சாதம் கொண்டு போங்கள். யமன் நாட்டினர் சிலர், அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டியிருக்கிறோம் என்று சொல்லி வெறுங்கையுடன் ஹஜ்ஜுக்கு வந்து பிறரிடம் யாசித்தபோதுதான், வழித்துணைப் பொருளைத் தயாரித்துக்கொள்ளுமாறு திருவசனம் இறங்கியது என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் கூறுகிறார்கள். பருப்புப்பொடி, ஊறுகாய் போன்றவற்றை நன்கு மூடி எடுத்துச் செல்லலாம். ஆனால் குருமாவுக்குப் போடும் கசகசா வேண்டாம். ஸவூதியில் அது தடை செய்யப்பட்ட பொருள். மசாலாப் பொடியில் கலந்திருந்தாலும் துன்பம் வரும்.

3. பழகியதோடு புதியதைச் சேருங்கள். கப்ஸாச் சோற்றுடன் சிறிது ஊறுகாய், ரொட்டியுடன் தயிர் என்று உண்டால் மூக்கு பாதி வழி வந்துவிடும். சூடான உணவே அதிக வாடை வீசும். ஆகவே குமட்டல் உள்ளவர்கள் தயிர், பேரீச்சம்பழம், வெள்ளரி போன்ற குளிர்ந்தவற்றைக் கொண்டு தொடங்கலாம். நாயகம் (ஸல்) அவர்கள் பேரீச்சங்கனியை வெள்ளரியுடன் உண்டிருக்கிறார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் உடல் தேறுவதற்காக அவர்களின் தாயார் பலவும் செய்தும் பலிக்காமல், இவ்விரண்டையும் சேர்த்து உண்ணக் கொடுத்த பின்னரே தேறிற்று என்று அபூதாவூதில் வருகிறது.

4. கஞ்சியை மறவாதீர்கள். வாற்கோதுமை மாவில் ஆக்கும் தல்பீனா என்னும் கஞ்சி நோயாளியின் உள்ளத்துக்கு ஆறுதல் தரும் என்பது புகாரீயில் உள்ள செய்தி. நோன்புக் கஞ்சி குடித்து வளர்ந்த நமக்கு இது அந்நியமே அல்ல. வாடையும் குறைவு, இறங்குவதும் எளிது.

5. கூடி அமர்ந்து உண்ணுங்கள். உண்டும் வயிறு நிறையவில்லை என்று முறையிட்ட ஸஹாபாக்களிடம், தனித்தனியே உண்கிறீர்கள் போலும் என்று கேட்டு, ஒன்றுகூடி பிஸ்மில்லாஹ் சொல்லி உண்ணும்படி நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள். அறையில் தனியே படுத்துக் கிடக்கும் முதியவரை ஸஹனுக்கு அழைத்து வாருங்கள். நாலு பேர் உண்பதைக் கண்டால் நாலு கவளம் கூடுதலாக இறங்கும்.

6. குமட்டலோடு எதையும் திணிக்காதீர்கள். வயிறு சரியில்லாத வேளையில் உண்ட உணவின் மீது பிறகு நிரந்தர வெறுப்பு வந்துவிடும். காய்ச்சல் நாளில் கஞ்சியும் நீரும் போதும். தேறிய பின் புதியதைத் தொடுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. பெற்றோரை ஹஜ்ஜுக்கு அனுப்பிவிட்டுத் தொலைபேசியில், "தவாஃப் முடிந்ததா?" என்று கேட்கிறீர்கள். "இன்று என்ன சாப்பிட்டீர்கள் உம்மா?" என்றும் கேளுங்கள். "பழம் சாப்பிட்டேன்" என்று மூன்று நாள் தொடர்ந்து பதில் வந்தால், உடன் சென்ற உறவினரிடம் சொல்லி உடனே கவனிக்கச் செய்யுங்கள்.

மூக்கு பழக நாளாகும். அதற்கு அவகாசம் கொடுப்போம். நாவைப் பழக்க ஒரு நிமிடம் போதும். அதற்கு அவகாசம் கொடுக்க வேண்டாம். தட்டு முன்னால் வந்ததும் வாடையை முகர்ந்து பார்க்கும் முன்னே பிஸ்மில்லாஹ் சொல்வோம். பிடித்ததை உண்போம். பிடிக்காததைப் பேசாமல் ஒதுக்குவோம். இறங்கியது ஒரு கவளமே ஆனாலும் அல்ஹம்துலில்லாஹ் சொல்வோம்.

மதீனாவை முஹாஜிர்களுக்குப் பிரியமாக்கிய வல்ல நாயன், நாம் செல்லும் ஊர்களையும் அவற்றின் உணவையும் நமக்கு இசைவாக்கி, அவனை வணங்குவதற்கு வேண்டிய வலிமையை நம் உடல்களுக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.